பிளைவுட் அறுக்கும் இடமும் பறிபோகும் விரல்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு உள்அலங்கார வேலைகளில் டேபிள் சா எனப்படும் மேசை ரம்பத்தில் கை சிக்கித் தச்சுத் தொழிலாளர் விரலை இழப்பது குறித்துப் பேச்சு வரும்போதெல்லாம், கவனக்குறைவு என்ற ஒரே காரணத்தைச் சொல்லிவிட்டு அனைவரும் நகர்ந்துவிடுகிறோம். மரவேலையைத் தொழிலாகச் செய்தவன், பின்னர் அதை இளைஞர்களுக்குக் கற்பித்தவன் என்ற முறையில் இந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. எட்டடி நீளமுள்ள பிளைவுட் பலகையை நீளவாக்கில் கிழிக்கும்போது நேரும் விபத்துகளை நான் அறிந்த அளவில் ஆராய்ந்து பார்த்தால், பலகையைத் தாங்குவதற்குப் போதிய இடமும் மேசையும் இல்லாமல் இருந்ததுதான் முதல் காரணமாகத் தெரிகிறது. அந்தக் குறையை ஒருவருடைய கண்ணும் கையும் நாள் முழுவதும் ஈடுசெய்துகொண்டே இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அந்த இடத்தைத் தர வேண்டியவர்கள் பெரும்பாலும் தொழிலாளர்கள் அல்லர் என்பதால்தான் இதைப் பொது வாசகர்கள் படிக்கும் நாளிதழுக்கு எழுதுகிறேன்.

கடைகளில் விற்கும் முழுப் பலகை 8 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்டது. மில்லிமீட்டரில் சொன்னால் 2440-க்கு 1220. அலமாரிக்கும் சமையலறைப் பெட்டிகளுக்கும் பயன்படுத்தும் 18 அல்லது 19 மி.மீ. பருமனுள்ள பலகை ஒன்று, உள்ளே இருக்கும் மரத்தைப் பொறுத்து 30 முதல் 40 கிலோ வரை எடையிருக்கும். வேலை நடக்கும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய மேசை ரம்பத்தின் மேற்பரப்போ இரண்டரை அடிச் சதுரத்தைத் தாண்டுவது அரிது. ஆக, 32 சதுர அடிப் பலகையை ஆறு சதுர அடி மேசையின்மேல் வைத்து அறுக்கிறோம். அறுப்பு தொடங்கும்போது பலகையின் பெரும்பகுதி தொழிலாளியின் பக்கம் தொங்குகிறது. அவர் அந்த எடையைத் தூக்கிப் பிடிக்கவும், முன்னே தள்ளவும், பக்கவாட்டில் கைடோடு, அதாவது பலகை நேராகச் செல்ல வழிகாட்டும் சட்டத்தோடு, ஒட்டி வைக்கவும் ஒரே நேரத்தில் வேண்டியிருக்கிறது. அறுப்பு முடியும் தறுவாயில் எடை முழுவதும் எதிர்ப்பக்கத்துக்குப் போய், பலகையின் இந்த முனை ஏற்றமரம் போல மேலெழும்புகிறது. இவ்விரண்டு நேரங்களிலும் பிளேடு ஓடிக்கொண்டிருக்கிறது.

பலகை உதைப்பது என்று பட்டறைகளில் சொல்வது எவ்வாறு நிகழ்கிறது என்பதைத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களும் அறிந்துகொள்வது நல்லது. பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்கிப் பலகையை மேசையோடு சேர்த்து அழுத்துகின்றன. அறுப்பு நடப்பது அங்கேதான். பின்பக்கப் பற்கள் மேசைக்கு அடியிலிருந்து எழுந்து, தொழிலாளி நிற்கும் திசையை நோக்கி மேலேறி வருகின்றன. அறுபட்ட வாய் சற்று மூடினாலும், பலகை கைடிலிருந்து விலகிச் சிறிதளவு கோணினாலும், அந்தப் பின்பற்கள் மரத்தைக் கவ்வித் தூக்கி முன்னோக்கி எறிந்துவிடும். பத்தங்குலப் பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், பல்லின் முனை நொடிக்கு ஏறத்தாழ 53 மீட்டர், அதாவது மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தைக் கண்ணால் பார்த்துக் கையை எடுத்துக்கொள்ள மனிதரால் இயலாது. பலகை வயிற்றிலோ மார்பிலோ தாக்குவது ஒரு கேடு. பலர் கவனிக்காதது மற்றொன்று: பலகையின்மேல் பாரத்தை ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்த கைக்கு அடியில் அந்தப் பலகையே இல்லாமல் போகிறது, ஊன்றிய கை முன்னே சரிந்து நேராகப் பிளேடின்மேல் விழுகிறது. விரல் போவதும் பலகை உதைப்பதும் வேறுவேறு விபத்துகள் என்று எண்ணுகிறோம். பல நேரங்களில் அவை ஒரே விபத்தின் இரண்டு விளைவுகள்.

தேக்கிலும் வேம்பிலும் கை தேர்ந்த மூத்த ஆசாரிகள்கூடப் பிளைவுட்டில் தடுமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. முழு மரத்தை அறுக்கும்போது அதன் உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் அவிழ்ந்து, அறுபட்ட வாய் தானாக மூடிக்கொள்ளக்கூடும். அதைத் தடுக்கப் பின்னால் ஆப்பு செருகுவது பழைய வழக்கம். பிளைவுட்டில் மெல்லிய மர ஏடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அந்த இறுக்கம் பெரும்பாலும் இல்லை. அதனால் பிளைவுட் ஆபத்து குறைந்தது என்ற எண்ணம் ஏற்படுகிறது. உண்மையில் பிளைவுட்டின் ஆபத்து அதன் அகலத்திலும் நெகிழ்விலும் இருக்கிறது. நான்கடி அகலப் பலகையின் வெளிமுனை தாங்கலின்றிச் சிறிது தொங்கினாலே, கைடோடு ஒட்டியிருக்க வேண்டிய ஓரம் விலகிவிடுகிறது. பாதி அறுத்த பிறகு இரண்டு துண்டுகளும் தனித்தனியாகத் தொய்யும்போது அறுத்த வாய் இறுகிப் பிளேடைப் பிடிக்கிறது. மலிவான பலகைகளில் உள் ஏடுகளுக்கிடையே இடைவெளியும், சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய மேடும் இருக்கும். அத்தகைய பலகை மழைக்காலத்தில் வளைந்து நிற்பதை எந்தக் கடையிலும் காணலாம். வளைந்த பலகையைக் குழிந்த பக்கம் கீழே வருமாறு வைத்தால் ஓரங்கள் மேசையில் படிந்து ஓரளவு நிலையாக நிற்கும். மாற்றி வைத்தால் அறுக்க அறுக்க ஆடிக்கொண்டே இருக்கும்.

இனி, அடுக்ககங்களில் நடப்பதைப் பார்ப்போம். முறையான மேசை ரம்பத்துக்கு மாறாக, கையில் பிடித்து அறுக்கும் வட்ட ரம்பத்தைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு பிளைவுட் பலகையின் அடியில் திருகி, பிளேடு மேலே தெரியும்படி செய்துகொள்வது நம் ஊர்களில் சாதாரணம். அழுத்திப் பிடித்தால் மட்டுமே ஓட வேண்டிய அதன் ஸ்விட்சைக் கயிற்றாலோ கேபிள் டையாலோ கட்டிவிடுகிறார்கள். மேல்மூடி கழற்றப்பட்டிருக்கும், பிளேடுக்குப் பின்னால் நின்று அறுபட்ட வாயை விலக்கி வைக்கும் பின்தகடு இருக்காது, கைடு என்பது இரண்டு ஆணியால் நிறுத்திய ஒரு சட்டமாக இருக்கும். இன்னும் சில இடங்களில் கல் அறுப்பதற்காகச் செய்யப்பட்ட, நிமிடத்துக்கு 12,000 சுற்று அளவில் ஓடும் மார்பிள் கட்டரில் மரப் பிளேடை மாட்டிப் பலகையைக் கிழிக்கிறார்கள். இவற்றைச் செய்பவர்களை அறியாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சதுர அடிக் கணக்கில் கூலி பேசி, கருவிகளை இருசக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, பத்துக்குப் பன்னிரண்டு அறையில் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய ஒருவருக்கு இவைதாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறைதான் சிக்கலின் வேர் என்பது என் கருத்து. எட்டடிப் பலகையை நீளவாக்கில் கிழிக்கப் பிளேடுக்கு முன்னால் எட்டடியும் பின்னால் எட்டடியும் இடம் வேண்டும். தொழிலாளி நின்று நடக்க இன்னும் இரண்டடியாவது வேண்டும். கூட்டிப் பார்த்தால் 18 அடி வருகிறது. பன்னிரண்டடி அறையில் இது எந்தத் திறமையாலும் நடக்காது. ஆகவே பலகையின் முனை கதவு வழியாக நடைவழிக்கு நீள்கிறது, அல்லது சன்னலில் இடித்து நிற்கிறது, அல்லது பாதி அறுத்து, பின்னே இழுத்து, திருப்பி வைத்து மறுமுனையிலிருந்து மீதியை அறுக்கிறார்கள். ஓடும் பிளேடிலிருந்து பலகையைப் பின்னோக்கி இழுப்பதைவிட அபாயமான செயல் இந்தத் தொழிலில் அதிகம் இல்லை.

வசதி இருக்குமிடத்தில் பாதுகாப்பாக அறுப்பது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். ஏனெனில் வீட்டுக்காரர்களும் ஒப்பந்ததாரர்களும் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதற்கு இடம் தர வேண்டும் என்பது இதிலிருந்துதான் தெரியும். முதன்மையானது பின்மேசை. பலகையின் கடைசி ஓரம் பிளேடைக் கடக்கும் நேரத்தில் அதன் எடையின் மையம் பிளேடுக்கு நான்கடி அப்பால் இருக்கும். ஆகவே பின்தாங்கல் பிளேடிலிருந்து நான்கடிக்கு மேல், முடிந்தால் ஐந்தடி வரை நீண்டிருந்தால்தான் பலகை கவிழாது. அந்தத் தாங்கலின் உயரம் ரம்பத்தின் மேசைக்குச் சமமாகவோ ஓரிரு மில்லிமீட்டர் தாழ்வாகவோ இருக்க வேண்டும். உயர்ந்திருந்தால் பலகையின் முனை அதில் முட்டி நின்றுவிடும், முட்டிய இடத்திலேயே தொழிலாளி பலத்தைக் கூட்டித் தள்ளத் தொடங்குவார். குதிரைக் கால்கள் எனப்படும் மரத் தாங்கிகள் இரண்டின்மேல் ஒரு பழைய கதவைப் போட்டாலே இந்தத் தேவை நிறைவேறும். ஒற்றை உருளை பொருத்திய தாங்கியை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. பலகையின் முனை தொய்ந்து உருளைக்குக் கீழே போய்விடுவது ஒரு புறம். உருளை சிறிது கோணலாக நின்றாலும் பலகையைத் தன் போக்கில் திருப்பிக் கைடிலிருந்து பிரித்துவிடுவது மறுபுறம். அகலப் பக்கத்திலும் இதே உயரத்தில் ஒரு தாங்கல் வேண்டும்.

அடுத்தது பிளேடுக்குப் பின்னால் நிற்கும் மெல்லிய எஃகுத் தகடு. கடைகளில் ரைவிங் நைஃப் என்ற பெயரில் கேட்டால் கொடுப்பார்கள். பிளேடின் உடலைவிடச் சற்றுத் தடித்தும், அறுக்கும் வாயைவிடச் சற்று மெலிந்தும் இருக்கும் இத்தகடு, அறுபட்ட இரண்டு துண்டுகளையும் விலக்கி வைத்து, பின்பற்களின் பக்கம் பலகை திரும்பாமல் தடுக்கிறது. நல்ல இயந்திரங்களில் பிளேடை உயர்த்தும்போதும் தாழ்த்தும்போதும் தகடும் உடன் செல்லும். புதிய இயந்திரத்தோடு வரும் இத்தகட்டையும் மேல்மூடியையும் முதல் நாளே கழற்றிப் பெட்டியில் போட்டுவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மூடியைச் சில வேலைகளுக்குக் கழற்ற நேரிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிளைவுட்டை நீளவாக்கில் கிழிக்கும்போது பின்தகட்டைக் கழற்ற வேண்டிய தேவை ஒருபோதும் எழுவதில்லை. தலைகீழாகப் பொருத்திய கை ரம்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இத்தகடே கிடையாது என்பதுதான் அவற்றின்மீது எனக்குள்ள முதல் குற்றச்சாட்டு.

கைடு பிளேடுக்கு இணையாக இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்க மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பிளேடின் ஒரே பல்லை முதலில் முன்பக்கமும் பிறகு கையால் சுழற்றிப் பின்பக்கமும் கொண்டுவந்து, இரண்டு இடங்களிலும் கைடுக்கும் அந்தப் பல்லுக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். பின்பக்க அளவு அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறைந்தால்கூடப் பலகை பிளேடுக்கும் கைடுக்கும் இடையில் நெரிபடும். பின்பக்கம் மயிரிழை அகன்றிருந்தால் கேடில்லை. கைடில் பதியும் ஓரம் பலகையின் ஆலை ஓரமாக, அதாவது நேரான ஓரமாக இருக்க வேண்டும். கையால் அறுத்த கோணல் ஓரத்தைக் கைடில் வைப்பதும், கைடே இல்லாமல் கோட்டைப் பார்த்து அறுப்பதும் ஒன்றுதான். பிளேடின் உயரம் பலகைக்கு மேல் ஒன்று அல்லது இரண்டு நூல் தெரிந்தால் போதும். கார்பைடு முனையுள்ள, பத்தங்குலத்தில் 60 அல்லது 80 பற்கள் கொண்ட பிளேடு ஏட்டைப் பிய்க்காமல் அறுக்கும். பிளைவுட்டின் பசை பற்களை விரைவில் மழுக்கிவிடும். மழுங்கிய பிளேடைக் கொண்டு புகையவிட்டு அறுப்பவர் தள்ளும் பலத்தைத் தாமறியாமலே கூட்டிக்கொண்டே போகிறார். பலம் கூடக்கூடக் கை சரிவதற்கான வாய்ப்பும் கூடுகிறது.

நிற்கும் இடம் பற்றி ஒன்றிரண்டு சொல்கிறேன். கைடு பிளேடுக்கு வலப்புறம் இருந்தால், தொழிலாளி பலகையின் இடப்புறப் பின்மூலையை ஒட்டி நின்று, முன்னோக்கியும் கைடை நோக்கியும் சாய்வாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். பிளேடுக்கு நேர்ப்பின்னால் உடம்பு இருக்கக் கூடாது. பார்வை பிளேடின்மேல் அன்று, பலகையின் ஓரம் கைடோடு ஒட்டுகிற இடத்தின்மேல் இருக்க வேண்டும். அங்கே இடைவெளி தெரியாதவரை பிளேடு தன் வேலையைச் செய்துகொள்ளும். பலகை பாதிக்குமேல் போன பிறகு பின்ஓரத்துக்கு நடுவில் வந்து, கடைசி ஓரடியைத் தள்ளுகட்டையால் தள்ளிவிட வேண்டும். கைடுக்கும் பிளேடுக்கும் நடுவில் அகப்பட்டிருக்கும் துண்டுதான் பறக்கும் துண்டு. எனவே அதைப் பிளேடைத் தாண்டும்வரை தள்ளியாக வேண்டும், நடுவில் விட்டுவிடக் கூடாது. அந்தத் துண்டு ஆறங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் அங்கே விரலுக்கு இடமே இல்லை. இடையில் நிறுத்த நேர்ந்தால் பலகையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்விட்சை அணைத்து, பிளேடு முழுவதும் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்விட்சைத் தேடாமல் முழங்காலால் தட்டியே அணைக்கும்படி அமைத்துக்கொண்டால் மிகவும் நல்லது.

ஸ்விட்சு என்றதும் மின்வெட்டு நினைவுக்கு வருகிறது. அறுப்பின் நடுவில் மின்சாரம் நின்றால், கட்டிவைத்த ஸ்விட்சோடு இருக்கும் இயந்திரம் மின்சாரம் திரும்பிய கணமே ஓடத் தொடங்கும். அந்நேரம் ஒருவர் பலகையை விடுவிக்கப் பிளேடுக்கு அருகில் கையை வைத்திருப்பார். மின்சாரம் போனால் தானாக விடுபட்டு, மீண்டும் அழுத்தினால் மட்டுமே ஓடவிடும் காந்த ஸ்விட்சுகள் மின்சாதனக் கடைகளில் கிடைக்கின்றன. இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை பொருட்டே அன்று.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது உதவியாளைப் பற்றியது. பலகை பெரியது என்பதால் எதிர்ப்பக்கம் ஒருவரை நிறுத்திப் பிடிக்கச் சொல்வது எங்கும் உள்ள வழக்கம். அவர் பெரும்பாலும் அந்தக் குழுவில் வயதில் இளையவர், தொழிலுக்குப் புதியவர், இப்போதெல்லாம் தமிழ் அதிகம் தெரியாதவராகவும் இருக்கலாம். பலகை தம் பக்கம் வரத் தொடங்கியதும் உதவும் எண்ணத்தோடு அதைப் பிடித்து இழுக்கிறார். இழுத்த கணத்தில் அறுப்பின் கட்டுப்பாடு தள்ளுபவரின் கையைவிட்டுப் போய்விடுகிறது. இழுப்பு நேராக இல்லாமல் அரை அங்குலம் பக்கவாட்டில் போனால் பலகை கைடைவிட்டு விலகிப் பின்பற்களில் சிக்குகிறது. நேராகவே இழுத்தாலும், தள்ளுபவர் எதிர்பாராத வேகத்தில் பலகை நழுவி, அதன்மேல் ஊன்றியிருந்த அவருடைய கை பிளேடை நோக்கிப் போகிறது. எதிர்ப்பக்கம் நிற்பவரின் வேலை உள்ளங்கைகளை விரித்துப் பலகையைக் கீழிருந்து தாங்குவது மட்டுமே. பிடிப்பதோ, இழுப்பதோ, திருப்புவதோ அவர் வேலையன்று. இதைப் பிளேடு ஓடத் தொடங்குவதற்கு முன்பே, இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் சைகையோடு, ஒருமுறை பலகையை வெறுமனே நகர்த்திக் காட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். போதிய நீளத்தில் பின்மேசை இருந்தால் இந்த உதவியாளே தேவையில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தனியாக நிற்கும் ஒருவர் நல்ல மேசையோடு அறுப்பது, மேசையின்றி இருவர் சேர்ந்து அறுப்பதைவிடப் பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து.

கையுறை அணியச் சொல்லும் நல்லெண்ணக்காரர்களுக்கு ஒரு சொல்: சுழலும் பிளேடுக்கு அருகில் கையுறை கூடாது; துணியைப் பற்கள் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தோளில் தொங்கும் துண்டும் மணிக்கட்டில் கட்டிய கயிறும் அப்படித்தான். கண்ணாடியும் காதடைப்பும் முகமூடியும் வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் உலக நல அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.

இடமே இல்லை என்றால் மேசை ரம்பத்தில் முழுப் பலகையை ஏற்றாமல் இருப்பதே அறிவுடைமை. தடித்த தெர்மாகோல் பலகையைத் தரையில் விரித்து, அதன்மேல் பிளைவுட்டைப் பரப்பி, நேரான அலுமினியப் பட்டையொன்றைப் பிடிசட்டத்தால் இறுக்கி, அதை ஒட்டி மூடியோடு கூடிய கை ரம்பத்தை ஓட்டினால் பலகை அசையாது, கருவிதான் நகரும். தெர்மாகோல் அடியிலிருந்து முழுவதுமாகத் தாங்குவதால் அறுபட்ட துண்டும் தொய்யாது. அளவைவிட ஒன்றிரண்டு நூல் கூடுதலாக வைத்து இவ்வாறு பிரித்துக்கொண்டு, கைக்கடங்கிய துண்டுகளை மட்டும் மேசையில் துல்லியமாக முடித்துக்கொள்ளலாம். இதற்குப் பலகை ஒன்றுக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகும். அதைவிடச் சிறந்த வழி, முழுப் பலகைகளை அறுப்பதற்கான பெரிய இயந்திரமான பேனல் சா வைத்திருக்கும் பட்டறையில் அளவுப்பட்டியலைக் கொடுத்து அறுத்து வாங்கிவிடுவது. அங்கே பலகை நகரும் மேசையின்மேல் முழுவதுமாகப் படுத்திருக்கும். பட்டியல் எழுதும்போது ஒவ்வோர் அறுப்பிலும் பிளேடு 3 மி.மீ. அளவுக்குத் தின்றுவிடும் என்பதை மறக்கக் கூடாது, 1220 மி.மீ. அகலப் பலகையை நடுவில் பிளந்தால் 610 கிடைக்காது, 608 மி.மீ. என்று கணக்கிடுவதே சரி. வீட்டுக்காரர்கள் அறுப்புக் கூலி தனியாக வருகிறதே என்று முகம் சுளிக்காமல் இருந்தால், அடுக்ககத்துக்குள் ரம்பம் ஓட வேண்டிய நேரமே பாதியாகக் குறையும்.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 21-ஆவது பிரிவில் இயந்திரங்களின் அபாயகரமான பகுதிகளுக்குக் காப்பு அமைக்க வேண்டும் என்றது. அச்சட்டத்தின்கீழ் மாநிலங்கள் பல வகுத்த விதிகளில் வட்ட ரம்பத்துக்குப் பின்தகடும் தள்ளுகட்டையும் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் மின்சக்தி பயன்படும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் அச்சட்டப்படி அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை இருபதாக உயர்த்திவிட்டது. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டுக்குள் செய்யும் வேலையை எந்த ஆய்வாளரும் வந்து பார்க்கப் போவதில்லை.

விரல் போன பிறகு கிடைப்பதையும் பார்க்கலாம். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, கட்டைவிரலை இழந்தால் வருவாய்த் திறனில் 30 விழுக்காடும், ஆள்காட்டி விரலை முழுதாக இழந்தால் 14 விழுக்காடும் போனதாகக் கணக்கிட்டது. உளி பிடிக்கும் ஒருவருக்கு ஆள்காட்டி விரல் 14 விழுக்காடுதானா என்பதைத் தச்சுத் தெரிந்த எவரிடமும் கேட்கலாம். வேலையின்போது கீழே விழுந்து இடக்கையை இழந்த ஒரு தச்சரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அவருடைய வருவாய்த் திறன் முழுவதுமே போய்விட்டதாகக் கொள்வது சரி என்று 1970-களின் நடுவில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது ரம்பத்தால் நேர்ந்த விபத்தன்று. ஆயினும் அட்டவணையைத் தாண்டித் தொழிலைப் பார்த்து அளக்க வேண்டும் என்பதற்கு அந்தத் தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் எழுத்து வடிவில் எந்த ஒப்பந்தமும் இல்லாமல், கைபேசியில் அழைத்து வேலைக்கு வரச் சொல்லப்பட்ட ஒருவர் யாரை முதலாளி என்று காட்டி வழக்குத் தொடுப்பார்?

விரல் பட்டால் ஐந்து மில்லிநொடிக்குள் நின்றுவிடும் பிளேடு வந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். அமெரிக்கரான ஸ்டீபன் காஸ் 1999-இல் உருவாக்கிய அந்த நுட்பம் உண்மையிலேயே வியக்கத்தக்கது. உடலின் மின்கடத்தும் தன்மையை உணர்ந்து, அலுமினியக் கட்டையொன்றைப் பற்களுக்குள் பாய்ச்சிப் பிளேடை நிறுத்துகிறது. அது விரலைக் காக்கும். பலகை உதைத்து மார்பில் அடிப்பதை அது தடுக்காது. விலையும் நம் தொழிலாளர்களுக்கு எட்டும் தொலைவில் இல்லை. ஒரு பின்தகடு, ஒரு பின்மேசை, ஒரு தள்ளுகட்டை, ஒரு காந்த ஸ்விட்சு ஆகியவற்றை வாங்கவே தயங்கும் ஓர் இடத்தில் அந்த இயந்திரத்தைப் பற்றிப் பேசுவது வீண்.

எனவே என் வேண்டுகோள் அடுக்கக உரிமையாளர் சங்கங்களுக்கும் கட்டுநர்களுக்கும் உரியது. உள்அலங்கார வேலைக்கு வருபவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை என்று சங்கங்கள் ஒட்டிவைக்கும் அறிவிப்புகளை நான் பல கட்டடங்களில் படித்திருக்கிறேன். மின்தூக்கியில் பலகை ஏற்றக் கூடாது, நடைவழியில் வேலை செய்யக் கூடாது, வாகன நிறுத்தத்தில் தூசி கிளப்பக் கூடாது, மாலைக்கு மேல் இரைச்சல் கூடாது என்று அவற்றில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. குடியிருப்பவர்களின் தொல்லையையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இவையெல்லாம் சேர்ந்து முழுப் பலகையோடு ஒருவரைப் படுக்கையறைக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, விரைவாக முடிக்கச் சொல்கின்றன. எங்கே அறுக்கக் கூடாது என்று எழுதும் சங்கம், எங்கே அறுக்கலாம் என்பதையும் எழுத வேண்டும்.

அதற்கு வேண்டியது அதிகமில்லை. கீழ்த்தளத்திலோ, மொட்டை மாடியில் கூரையிட்ட பகுதியிலோ, காம்பவுண்டுச் சுவரோரத்திலோ 20 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட மட்டமான தரை, நில இணைப்போடு கூடிய, கசிவு ஏற்பட்டால் துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்போடு அமைந்த மின்இணைப்பு ஒன்று, நல்ல விளக்கு, பின்மேசையாகப் பயன்படும் ஒரு நீண்ட பலகையும் குதிரைக் கால்களும். தூசிக்குச் சுற்றிலும் தார்ப்பாய் கட்டலாம். பயன்படுத்தும் ஒப்பந்ததாரரிடம் நாளொன்றுக்குச் சிறு கட்டணமும் வாங்கலாம். பின்தகடும் மூடியும் இல்லாத இயந்திரத்தை உள்ளே அனுமதிப்பதில்லை என்று வாயிற்காவலரிடம் சொல்லி வைத்தால், எந்தச் சட்டமும் செய்யாததை அந்த ஒரு விதி செய்துவிடும். புதிதாகக் கட்டப்படும் அடுக்ககங்களில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஏதாவது ஒரு வீட்டில் மரவேலை நடந்துகொண்டேதான் இருக்கும் என்பதால், கட்டுநர்கள் இவ்விடத்தை வரைபடத்திலேயே ஒதுக்கி, வேலைகள் ஓய்ந்த பிறகு வாகன நிறுத்தமாக மாற்றிக்கொள்ளலாம். இதை ஏற்கெனவே செய்து பார்த்த சங்கங்கள் இருந்தால், தங்கள் அனுபவத்தை இந்தப் பகுதிக்கு எழுதியனுப்புமாறு தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மரவேலைப் பயிற்றுநர் (ஓய்வு),
சேலம்.